நேத்து ரிப்போர்ட்

அக்காவுக்குத் தமிழில் ‘வேண்டாம்’ என்று சொல்ல வராது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வடை விற்கிறவர் ஆறிப்போன கடைசி இரண்டு வடையை நீட்டினால் வாங்கிக்கொள்வார். எண்ணெய்ப் பண்டம் அவர் வயிற்றுக்கு ஆகாது, அதனால் இரண்டும் எனக்கு வரும். அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் வேன் டியூட்டி என்றால் மற்ற டீச்சர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லி ஒதுங்குவார்கள். கடைசியில் அது அக்கா தலையில்தான் விடியும். “முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானக்கா” என்று நான் எரிச்சல்படுவேன். “ஒண்ணும் இல்ல பாப்பா, இருக்கட்டும்” என்பார். பந்தியில் மூன்றாவது தடவை சாம்பார் வாளி வந்தாலும் இலைக்கு மேலே கையை நீட்டி மறைக்கத் தெரியாத ஆள்.

எனக்கு நேர் எதிர் சுபாவம். அரியலூரில் ஒரு பத்திர எழுத்தரிடம் கம்ப்யூட்டரில் பத்திரம் அடிக்கிறேன். அன்றும் அதே வேலை, இன்றும் அதே வேலை. சர்வே எண்ணில் ஒன்று மாறினாலும், அப்பா பெயரில் ஒரு கால் விட்டுப்போனாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அடுத்தவர் செய்த தப்பைப் பிடிப்பதில் எனக்கு ஒரு சுகம் உண்டு, அதை மறைத்துப் பிரயோஜனம் இல்லை. திருச்சியில் ஏதாவது கம்பெனிக்குப் போய்விட வேண்டும் என்று அப்போது ஆசை. அதற்கு இங்கிலீஷ் பேசத் தெரிய வேண்டும் என்றார்கள். சாயங்காலம் அரியலூர் பஸ்ஸில் வந்து பெரம்பலூரில் இறங்கியதும், ஒரு விதைக்கடை மாடியில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு நேராகப் போய்விடுவேன்.

அங்கேதான் அக்கா எனக்குப் பழக்கமானார். அவர் ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் எல்கேஜி பிள்ளைகளுக்கு டீச்சர். ஜூன் மாதத்திலிருந்து வகுப்புக்குள் தமிழே கேட்கக் கூடாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாம். வீடு குரும்பலூரில், வாடகை வீடு. பக்கத்திலேயே சொந்தமாக ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார்கள், கட்டத்தான் வழியில்லை. கணவருக்கு போர்வெல் லாரியில் வேலை, மாதத்தில் பாதி நாள் ஆந்திராவிலோ கர்நாடகாவிலோ இருப்பார். ஒரே மகள், அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் வகுப்பில் இருந்ததெல்லாம் காலேஜ் பையன்கள். பெண்கள் என்று நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் சார் எங்களை ஜோடி சேர்த்துவிட்டார்.

சாருக்கும் என் வயதுதான் இருக்கும். எஞ்சினியரிங் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இதைத் தொடங்கியவர். சாப்பிட்டேன், சாப்பிட்டிருக்கேன், சாப்பிட்டிருந்தேன் என்று போர்டில் மூன்று வரி எழுதி, இந்த மூன்றும் கைக்கு வந்துவிட்டால் பாதி இங்கிலீஷ் வந்த மாதிரி என்பார். அதற்காகவே வகுப்பு தொடங்கியதும் ‘நேத்து ரிப்போர்ட்’ நடக்கும். ஜோடியில் ஒருவர் நேற்று என்ன நடந்தது, இதுவரைக்கும் என்ன நடந்திருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்ல வேண்டும், மற்றவர் திருத்த வேண்டும். அதற்கு சார் ஒரு கண்டிப்பான விதி வைத்திருந்தார். கதை கேட்கக் கூடாது, வெர்ப்பை மட்டும் பார்க்க வேண்டும். கதை கேட்க ஆரம்பித்தால் தமிழுக்குப் போய்விடுவீர்கள் என்பார். அது உண்மையும்கூட.

நேத்து ரிப்போர்ட்டில் யாரும் நிஜத்தைச் சொல்வதில்லை. துறைமங்கலத்திலிருந்து வந்த ஒரு பையன் தினமும் லண்டன் போய் வருவான். இன்னொருவன் பாம்புக்கறி தின்றிருக்கிறான், விமானம் ஓட்டியிருக்கிறான். நானே ஸ்விட்சர்லாந்தில் ஒரு வீடு விற்றிருக்கிறேன். அக்கா மட்டும், நேற்று தன் அண்ணன் வந்தார் என்றார். ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார், நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினார் என்றார். அடுத்த நாளும் அண்ணன்தான். அதற்கடுத்த வாரமும் அண்ணன்தான். எனக்குச் சலிப்பாகிவிட்டது. “கொஞ்சம் கற்பனையா சொல்லுங்கக்கா, ஊட்டிக்காவது போயிட்டு வாங்க” என்றேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எல்கேஜி டீச்சர் இல்லையா, எதையும் கை ஆட்டாமல் அவருக்குச் சொல்ல வராது. முடிந்துபோனதற்குக் கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டுவார். ‘ஹேவ்’ வந்தால் இரண்டு கையாலும் எதையோ அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொள்வார். அன்றைக்கு நடந்தது இன்றைக்கும் நம்மிடம் இருக்கிறது என்று அதற்கு அர்த்தமாம், அவரே கண்டுபிடித்தது. சாருக்கு அது பிடித்துப்போய், காலேஜ் பையன்களையும் அப்படிச் செய்யச் சொன்னார். அவர்கள் வெட்கப்பட்டார்கள். வகுப்பு முடிந்து குரும்பலூர் டவுன் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்போதும் நாங்கள் பயிற்சியை விடுவதில்லை. அக்கா காற்றை அள்ளி அள்ளி நெஞ்சில் வைத்துக்கொள்வதை பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்க்கும். அவருக்கு அதில் கூச்சமே இல்லை. தமிழில் பூக்காரம்மாவிடம் ஒரு முழம் குறைகிறது என்று சொல்லக் கூச்சப்படுகிறவர், இங்கிலீஷில் சத்தமாகப் பேசுவார்.

அந்த அண்ணனைப் பற்றித் தமிழில் கேட்டால் கதையே வேறு. “எங்க அண்ணன் தங்கம் பாப்பா. அப்பா போனப்புறம் அவருதான் எனக்கு எல்லாம்” என்பார். செந்துறை போகும் வழியில் அவர்கள் ஊர். அப்பா விட்டுப்போன காடு கொஞ்சம் இருந்தது, அண்ணன் தம்பி இரண்டு பேர், நடுவில் அக்கா. மழை பெய்தால் சோளம், இல்லாவிட்டால் சும்மா கிடக்கும் நிலம். அதற்கடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்று தெரிந்து, சிமெண்டு கம்பெனிக்காக ஆட்கள் வந்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் தமிழில் எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று அக்கா சந்தோஷமாகத்தான் சொன்னார்.

இங்கிலீஷில் சொன்னதை இப்போது வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். அண்ணன் ஒரு பேப்பர் கொண்டுவந்தார். தம்பியும் வந்தான், தம்பி மனைவி அழுதாள். தாய்மாமன் இல்லாமல் உன் மகளுக்குச் சடங்கு எப்படி நடக்கும் என்று அண்ணன் கேட்டார். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் இதுவரை அவர்களிடம் எதுவும் கேட்டதில்லை. என் பங்கு கிடைத்தால் மனையில் ஒரு வீடு கட்டலாம் என்று நினைத்திருக்கிறேன். நான் கையெழுத்துப் போடவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை அக்கா முதலில் தப்பாகச் சொன்னார். நான் விடவில்லை. “ஐ ஹேவ் நாட் சைன்ட்” என்று திருத்தி, சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். ‘சைன்’ இருந்த இடத்தில் ‘அக்ரீ’ போட்டுச் சொல்லுங்கள், நான் சம்மதிக்கவில்லை என்று வரும் என்றேன். அதையும் சொன்னார். சார் அந்தப் பக்கமாக வந்தவர் நின்று கேட்டு, வெரி குட் என்றார். எல்லோரும் கை தட்டினோம்.

அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கை தட்டலுக்காக மலர்ந்தது என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட்டோம், நாலு பேர் கேட்டுவிட்டார்கள் என்ற நிம்மதியாகக்கூட இருந்திருக்கலாம். கூடப் பிறந்தவனை ஊரில் விட்டுக்கொடுத்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர் அவர். இங்கிலீஷில் பேசினால் அது பேசியதாகவே ஆகாது என்று ஒரு கணக்கு அவர் மனதில் இருந்திருக்கிறது. அதே கணக்கு எங்களிடமும் இருந்ததுதான் பாவம். அவர் பேசியதை நாங்களும் பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் தமிழில், “அண்ணன் பத்திரம் போடணும்னாரு பாப்பா. அரியலூர்லதானாம்” என்றார். நான் முந்திரிக்கொட்டை மாதிரி, “எங்க ஆபீசுக்கே வரச் சொல்லுங்கக்கா, கூட்டமில்லாத நாளாப் பாத்து காலையிலயே டோக்கன் போட்டுத் தரேன்” என்றேன். அக்கா என்னையே பார்த்தார். அவர் மறுக்கிறாரா என்று அவர் முகத்தில் தேட எனக்குத் தோன்றவில்லை. “ஒண்ணும் இல்ல, இருக்கட்டும்” என்றார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, அவர் போனிலிருந்தே அண்ணன் நம்பரை வாங்கி நானே பேசினேன். அண்ணனுக்கு ரொம்பத் திருப்தி. நீங்க நம்ம பாப்பா மாதிரி என்றார்.

அடிக்க வேண்டியிருந்தது விடுதலைப் பத்திரம். கூடப் பிறந்தவள் தன் பங்கை விட்டுக்கொடுத்தேன் என்று எழுதிக் கொடுப்பது. எங்கள் பக்கம் இது வாரத்துக்கு நாலு வரும். தாய்வீட்டு வாசல் அடைபடாமல் இருக்க வேண்டும் என்று பெண்கள் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு பட்டுப்புடவையும் தாம்பாளமும் வாங்கிக்கொண்டு போவார்கள். ‘எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இல்லாமல், நல்ல நினைவுடனும் முழு மனதுடனும்’ என்ற பகுதியை நாங்கள் ஒவ்வொரு தடவையும் அடிப்பதுகூட இல்லை. பழைய பத்திரத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுப் பெயரை மாற்றுவோம். அக்கா பெயரையும் அப்படித்தான் போட்டேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன்.

பத்திரம் பதிகிற அன்றைக்கு அக்கா மாம்பழக் கலரில் சேலை கட்டி வந்திருந்தார். அண்ணன், தம்பி, சாட்சிக்கு இரண்டு பேர். அண்ணன் கெட்டவர் மாதிரியெல்லாம் இல்லை, நல்ல முகவெட்டு, தங்கைக்கு வெயில் படாமல் நாற்காலியை நகர்த்திப் போட்டார். எழுதிக் கொடுக்கிறவருக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். எழுத்தர் ஐயாவுக்கு அவசரம், என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். வற்புறுத்தலும் இல்லாமல் என்ற இடம் வந்தபோது அக்கா பேப்பரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். மெதுவாக, ஒரு தப்பும் இல்லாமல் சொன்னார்.

“ஐ ஹேவ் நாட் அக்ரீட்.”

இரண்டு கையும் தானாக எழுந்து நெஞ்சுக்கு வந்தன. அண்ணன் பதறிப்போய், “என்னம்மா, நெஞ்சப் புடிக்கிற? தண்ணி வேணுமா?” என்றார்.

எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு நொடி புரிந்தது. ஆனால் டோக்கன் வாங்கியது நான். ஐயா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். இன்னைக்கு வேண்டாம், அக்காவுக்கு மனசில்லை என்று ஒரு வார்த்தை தமிழில் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் எல்லாம் நின்றிருக்கும். யாரையும் எடுத்தெறிந்து பேசுகிற நான், அந்த ஒரு வார்த்தைக்கு வாய் திறக்கவில்லை. வேறொன்று சொன்னேன்.

“ஒண்ணும் இல்லைங்க. அக்கா கிளாஸ்ல படிச்சதைச் சொல்லிப் பாக்குறாங்க.”

அண்ணன் முகம் தெளிந்தது. எந்தங்கச்சி இங்கிலீசெல்லாம் பேசுது பாருங்க என்று ஐயாவிடம் பெருமையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். கையைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். எதிரே பதிவு அலுவலகத்தில் எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். உள்ளே அதிகாரி சம்மதமாம்மா என்று கேட்க, சம்மதங்க என்றார். விரல் ரேகை எடுத்தார்கள், கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தார். மத்தியானம் அண்ணன் எல்லோரையும் ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அதை நான் நன்றாகவே சாப்பிட்டேன். எலும்பைக்கூட விடவில்லை.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் அக்கா வழக்கம்போல் வகுப்புக்கு வந்தார். நேற்றைய விஷயத்தை நான் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. நேத்து ரிப்போர்ட் தொடங்கியது. நேற்று நான் ஊட்டிக்குப் போனேன் என்றார் அக்கா. பூக்கள் பார்த்தேன். ஏரியில் படகு ஓட்டினேன். குளிராக இருந்தது, அதனால் சிவப்பு ஸ்வெட்டர் வாங்கினேன். இவ்வளவு அழகான இடத்தை நான் பார்த்ததே இல்லை. சார் ஓடிவந்து, பாருங்கள், இவ்வளவு நாள் கழித்து அக்காவுக்குக் கற்பனை வந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னார். பையன்கள் மேசையைத் தட்டினார்கள். என்னால் கையைத் தூக்க முடியவில்லை. அவர் சொன்னதில் முதல் பொய் அதுதான் என்பது எனக்கு மட்டும் தெரிந்தது. அதுவரை சொன்ன ஆரஞ்சுப்பழமும், உட்காராத அண்ணனும், அழுத தம்பி மனைவியும் அத்தனையும் நிஜமாக எழுந்து என் முன்னால் நின்றன.

அந்த வாரத்தோடு அக்கா வகுப்பை நிறுத்திவிட்டார். போன் செய்தால் எடுப்பார். வேலை ஜாஸ்தி பாப்பா என்பார், அம்மா சௌக்கியமா என்று கேட்பார், வைத்துவிடுவார். மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தபோது மறக்காமல் என்னையும் கூப்பிட்டார். தாய்மாமன் சீர் ஒரு குட்டியானை வண்டி நிறைய, மேளத்தோடு வந்து இறங்கியது. குரும்பலூரே வாயைப் பிளந்தது. இப்படி ஒரு அண்ணன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அம்மா சொன்னார். அக்கா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அந்த அம்மாவுக்குச் சந்தனம் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். அப்போதும் வாடகை வீடுதான், மனையில் கருவேலமுள் முளைத்திருந்தது.

நான் திருச்சிக்குப் போகவில்லை. இப்போதும் விடுதலைப் பத்திரம் வந்தால் அந்தப் பெண்ணை மட்டும் தண்ணீர்ப் பானைப் பக்கம் தனியாகக் கூப்பிட்டு, மனசாரத்தான் போடுறீங்களா என்று கேட்கிறேன். ஐயா ஒரு தடவை இதைப் பார்த்துவிட்டு, வருகிற பார்ட்டியைக் கலைக்கிறாயா என்று சத்தம் போட்டார். அப்படியும் கேட்கிறேன். ஒருத்திகூட ‘இல்லை’ என்று சொன்னதில்லை. கேட்டுவிட்டேன் என்று எனக்கு ஒரு சமாதானம், அவ்வளவுதான். ராத்திரி அது உதவுவதில்லை.

போன மாதம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். முன்னால் கொஞ்சம் நரைத்திருந்தது. பக்கத்தில் மகள், அம்மாவைவிட உயரமாக வளர்ந்திருந்தாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, இளைச்சுட்டியே பாப்பா என்றார். கொஞ்ச நேரம் வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசினோம். எனக்குப் பொறுக்கவில்லை. “அன்னைக்கு நான் பண்ணது தப்புக்கா” என்றேன். என்னைக்கு, என்ன தப்பு, ஒண்ணும் இல்ல, விடு என்றார். அந்த ‘ஒண்ணும் இல்ல’வை என்னால் தாங்க முடியவில்லை. தமிழில் கேட்டால் அவரிடமிருந்து வேறு எதுவும் வராது என்று தெரியும். அதனால் சுற்றிலும் ஆட்கள் இருக்க, இங்கிலீஷில் கேட்டேன்.

“ஹேவ் யூ ஃபர்கிவன் மீ, அக்கா?”

என்னை மன்னித்துவிட்டீர்களா என்றுதான் கேட்டேன். திட்டினாலும் பரவாயில்லை, நிஜமாக ஒரு வார்த்தை வந்தால் போதும் என்று இருந்தது. அக்கா என் கையை விடவில்லை. சிரித்த முகம் அப்படியே இருந்தது.

“என்ன பாப்பா கேக்குற? எனக்கு அந்த இங்கிலீசெல்லாம் மறந்தே போச்சு. சாப்பிட்டியா?”

குரும்பலூர் பஸ் வந்து நின்றது. மகள் பையை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“அம்மாவா மறந்தாங்க? வூட்டுல தெனம் சோறு போடுறப்ப எனக்கும், அப்பா ஊர்ல இருந்தா அவருக்கும் நேத்து ரிப்போர்ட் உண்டுக்கா. நடந்ததை நடந்தபடி இங்கிலீஷ்லயே சொல்லணும். அம்மாவும் சொல்லுவாங்க.”

அக்கா என்னைப் பார்க்கவில்லை. மகளின் தோளைத் தட்டி, “ஏறு, சீட்டு போயிடும்” என்றார்.